கடைக்கு ஒரு பெயர்

ஜனவரி 5, திங்கள்

பருப்பு மில்லில் இருந்து புது டைரி வந்தது. என் வீட்டுக்காரர் அங்கே மேனேஜர் என்பதால் வருஷா வருஷம் இரண்டு கிடைக்கும். ஒன்றில் பால் கணக்கு எழுதுவேன், மற்றது அலமாரியில் தூங்கும். இந்த வருஷம் அதையும் எழுப்பிவிட்டேன். காலையில் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறேன், யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

மதுவல்லி என்ற பெயரில் நான் எழுதிய பதினைந்து குடும்ப நாவல்களும் ஆறு வருஷமாக ஒரே இணையக் கடையில்தான் மின்னூலாக விற்கின்றன. நான் அதைப் பெரிய கடை என்றுதான் சொல்வேன். அங்கே ஒரு நிபந்தனை உண்டு. சந்தா கட்டிப் படிக்கிறவர்களுக்குப் புத்தகத்தைக் கொடுத்தால் வேறு எங்கேயும், சும்மாகூட, அது கிடைக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் தானாகவே நீண்டுகொள்ளும். நீளாதே என்று சொல்ல ஒரு கட்டத்தில் உள்ள டிக்கை எடுக்க வேண்டும். பதினைந்து புத்தகத்துக்கும் எடுத்துவிட்டேன். மார்ச் 8 அன்று எல்லாம் விடுதலை. அதன் பிறகு பெரிய கடையிலும் இருக்கும், மற்ற கடைகளிலும் இருக்கும், எனக்கென்று சொந்தமாக ஒரு இணையக் கடையும் இருக்கும்.

மட்டக்களப்பில் இருந்து ஒரு வாசகி, "உங்கள் புத்தகத்தை எங்களால் வாங்கவே முடியவில்லை, நாங்கள் என்ன பாவம் செய்தோம்?" என்று கேட்டு எழுதியிருந்தாள். அதிலிருந்து மனசு கேட்கவில்லை.

இவரிடம் சொன்னேன். "நாங்க துவரம்பருப்பக்கூட ஒரே கடைக்குக் குடுக்க மாட்டோம். நீ ஆறு வருசம் குடுத்திருக்க" என்றார். இதை ஆறு வருஷம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

சொந்தக் கடைக்கான படிவத்தில் முதல் கேள்வியே கடையின் பெயர். அதைக் காலியாக விட்டுவிட்டு மற்றதை நிரப்பினேன்.

ஜனவரி 8, வியாழன்

ஐந்தாவது நாவலைப் புதுக் கோப்பாக மாற்றியதில் பாதி எழுத்து சிதறிவிட்டது. திரும்பவும் முதலில் இருந்து. கடைப் பெயருக்கு இவர் தன் பெயரையே வைத்துச் சொன்ன யோசனை: தனுஷ்கோடி அண்ட் கோ. மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று அனுப்பிவைத்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

காளீஸ்வரி வந்திருந்தாள். இவருடைய தங்கை, எனக்கு நாத்தனார். சாத்தூரில் இருக்கிறாள், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வீட்டுக்குள் கால் வைக்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். அவளுக்கு முறுக்கு சுட்டு வைத்திருந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் பாதி டப்பாவைக் காலி செய்தாள்.

கிளம்பும்போது வழக்கமான கேள்வி. "என்ன மதினி, புதுக் கதை முடிச்சிட்டீகளா? முடிச்சா அனுப்பி விடுங்க."

சொந்தக்காரர்களிடம் காசு கொடுத்து வாங்கிப் படி என்று சொல்ல முடியுமா? ஒவ்வொரு நாவலையும் அவளுக்குக் கோப்பாக அனுப்பிவிடுவேன். பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை வரும். நன்றாக இருந்தது, நன்றாக இல்லை என்று இதுவரை ஒரு சொல் கிடையாது. திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாள். அந்த போனில் பாலிசி தவிர வேறு எதற்கும் இடம் இருக்காது.

உங்கள் கதைகளில் மாமியார் எல்லாம் தங்கமாகவும் நாத்தனார் எல்லாம் விஷமாகவும் இருக்கிறார்களே என்று வாசகிகள் கேட்பார்கள். நான் என்ன இல்லாததையா எழுதுகிறேன்? கல்யாணமான மறு வருஷம், ஏழாம் மாதத்தில், எங்கள் மூத்தது தங்கவில்லை. பெண் பிள்ளை. ஆஸ்பத்திரியில் இருந்து வெறும் கையோடு வந்து படுத்திருந்தேன். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த இந்தக் காளீஸ்வரி அவள் அறையில் தாழ் போட்டுக்கொண்டு ரேடியோ கேட்டாள். சினிமாப் பாட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி. காலமான என் மாமியாருக்கு வாய் கொஞ்சம் கடுமைதான். ஆனாலும் விடிகாலையில் ஓமத் தண்ணீர் கொதிக்கவைத்து, சொம்பைக் காலண்டர் அட்டையால் மூடி, என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த ஓமத் தண்ணீருக்காகவே நான் எந்தக் கதையிலும் மாமியாரைக் கெட்டவளாக எழுதியதில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. கோவையில் படிக்கும் மகன் வந்திருக்கிறான்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்து மெயிலைப் பார்த்தால் பெரிய கடையில் இருந்து அறிவிப்பு. 'தாழிடாதே தென்றலே' இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதாம். உடனே நீக்க வேண்டும், இல்லையென்றால் என் கணக்கையே மூடிவிடுவார்கள். கணக்கு போனால் பதினைந்து புத்தகமும் போகும், ஆறு வருஷமாக வாசகிகள் எழுதிய கருத்துகள் அத்தனையும் போகும். மனசு சரியில்லாத நாளில் அந்தக் கருத்துகளைத்தான் எடுத்துப் படிப்பேன். இன்னொரு கணக்கும் திறக்க விட மாட்டார்கள்.

கரும்பு கடிக்கப் பிடிக்கவில்லை.

ஜனவரி 17, சனி

எழுத்தாளத் தோழி ஒருத்தி போனில் துப்பு கொடுத்தாள். 'கதைக்கூடை' என்று கோப்புகளைப் பகிர்கிற ஒரு சேனல். அங்கே இருந்துதான் மற்றவர்கள் எடுத்துப் பரப்புகிறார்களாம். நாகர்கோவில் ஸ்டெல்லா என்ற பெயரில் நுழைந்தேன். பதினைந்தும் இருக்கிறது, அட்டைப் படத்தோடு, வரிசை எண் போட்டு. என் கணினியில்கூட இவ்வளவு ஒழுங்காக இல்லை. நடத்துகிறவளின் பெயர் பவளமல்லி. வேறு எழுத்தாளர் யாரும் இல்லை, நான் ஒருத்திதான் அந்தக் கூடையில் இருக்கிறேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பவளமல்லியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அக்கா, இப்படிச் சும்மா குடுக்கிறது தப்பில்லையா? எழுதுனவங்க பாவம்லா?"

"வாங்க முடியாதவுகதான் இங்க படிக்காக. வாங்குறவுக வாங்கிட்டுத்தான இருக்காக" என்று பதில் வந்தது. நம் பக்கத்து ஆள் போலிருக்கிறது. தொடர்ந்து இன்னொன்று: "அதோட நம்ம காப்பிதான் நல்லாருக்கும். ரெண்டாவது கதைல, கடைக் காப்பில ஒம்பதாம் அத்தியாயத்துல செத்துப்போற தாத்தா முப்பத்தொண்ணுல வந்து காப்பி குடிப்பாரு. நான் அவரை எந்திரிக்க விடல."

ஓடிப்போய் என் நாவலைத் திறந்தேன். குடிக்கிறார். சர்க்கரை வேறு குறைவாகக் கேட்கிறார். வாரம் இரண்டு அத்தியாயமாகத் தொடராக எழுதும்போது யார் செத்தார், யார் இருக்கிறார் என்று எங்கே நினைவிருக்கும்? ஆறு வருஷத்தில் ஒரு வாசகிகூடச் சொன்னதில்லை. திருடிதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜனவரி 24, சனி

இவள் தாத்தாவோடு நிற்கவில்லை. மூன்று நாளாக இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஐந்தாம் நாவலில் பெயர் மாறிப்போன டிரைவரைச் சரிசெய்திருக்கிறாள். எட்டாம் நாவலில் பதினோரு மாதம் நீண்ட கர்ப்பத்தை ஒன்பதாகக் குறைத்திருக்கிறாள். இதெல்லாம் போகட்டும். என் நாத்தனார்களைத் தொட்டிருக்கிறாள். நான் கல்யாணப் புடவையில் மை கொட்டவைத்த நாத்தனார், அவள் பதிப்பில் அந்தப் புடவைக்கு இஸ்திரி போடுகிறாள். நான் நகையை ஒளிக்கவைத்தவள், அங்கே தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கிறாள். இதுவரை பார்த்த ஒவ்வொரு நாவலிலும் ஒரே ஒரு இடம், அதிகமில்லை.

"இந்த நாத்தனார் எவ்வளவு நல்லவ!" என்று ஒரு வாசகி கீழே எழுதி இதயப் படம் போட்டிருக்கிறாள். என் வில்லிக்கு இவள் யார் வெள்ளை அடிக்க?

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. இவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

ஜனவரி 29, வியாழன்

பவளமல்லி தானாகவே பேச வந்தாள்.

"ஸ்டெல்லா, ஒண்ணு கேக்கணும். அந்த அம்மாவுக்கு நாத்தனார்னா மட்டும் ஏன் இம்புட்டுக் காட்டம்?"

"பட்டிருப்பாங்கக்கா."

தட்டச்சு செய்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. கடைசியில், "இருக்கும். ஆனா ஒரு தடவயாச்சும் கூப்ட்டு வச்சுக் கேட்ருக்கலாம்ல" என்று வந்தது.

நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அவளே, "மார்ச் முடியுற வரைக்கும் எனக்கு வேலை கழுத்தப் புடிக்கும். அடிக்கடி வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திருடுவதற்கும் மார்ச் மாதக் கெடு இருக்கிறது போல.

பிப்ரவரி 3, செவ்வாய்

இரண்டாவது அறிவிப்பு. இந்த மாதத்துக்குள் எல்லா இடத்திலும் நீக்கப்பட வேண்டும், இதுவே கடைசி எச்சரிக்கை. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

இவர் பார்த்துவிட்டார். "எதுக்கு அழுவுற? போலீஸ்ல எழுதிக் குடு. நம்பர வச்சு ஆளத் தூக்கிருவாங்க. மில்லு வக்கீல்ட்ட நான் பேசுறேன்" என்றார்.

வக்கீல் கேட்டது இதுதான்: எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், அசல் எது, நகல் எது என்று எடுத்துக் கொடுக்க வேண்டும். அறிவிப்பில் வந்த, நான் இன்னும் ஒப்பிட்டுப் பார்க்காத 'தாழிடாதே தென்றலே'யையே எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். சனிக்கிழமை உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.

பிப்ரவரி 7, சனி

பதினான்காம் அத்தியாயம் வரை வந்தேன். கதாநாயகிக்குப் பிள்ளை தங்காமல் போகிற இடம். நான் எழுதியது:

"ரேணுகா தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். உள்ளே ரேடியோ பாடியது. அண்ணியின் துக்கம் அவளுக்கு ஒரு சினிமாப் பாட்டைவிடச் சின்னதாக இருந்தது."

பவளமல்லியின் பதிப்பில் இருப்பது:

"ரேணுகா தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். அழுகிற சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று ரேடியோவைக் கூட்டி வைத்தாள். விடிந்ததும் ஓமம் கொதிக்கவைத்தாள். தட்டு எடுத்தால் பாத்திரம் உருண்டு எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று காலண்டர் அட்டையால் சொம்பை மூடி, அண்ணியின் அறை வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்."

நான் எந்த நாவலிலும் காலண்டர் அட்டையை எழுதியதில்லை.

எழுந்து போய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தேன். இவர் மத்தியானம் சாப்பிட வந்தபோது ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"அப்ப, நான் ஆஸ்பத்திரில இருந்து வந்து படுத்திருந்தப்ப, காலைல ஓமத் தண்ணி வச்சது அத்தைதான?"

"அம்மாவா?" இவர் சிரித்தார். "மூட்டு வலியோட அம்மா எந்திரிச்சு வரவே எட்டு மணி ஆவும். அந்த வருசமெல்லாம் காளிதான அடுப்புப் பத்தவைப்பா. ஏன், என்னத்துக்கு இப்ப?"

"சும்மா கேட்டேன்."

"வக்கீலுக்கு எடுத்து வச்சிட்டியா?"

பிரிண்டரில் மை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

போர்வைகளை ஊறப்போட்டுத் துவைத்தேன். கடைப் பெயர் இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

சாத்தூருக்குப் பஸ் ஏறினேன். கல்யாணமாகிப் போன பிறகு காளீஸ்வரி வீட்டுக்கு நான் தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. எப்போதும் இவரோடு போய், இவரோடு வந்துவிடுவேன்.

முன்னறையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றும்போதே காளியின் குரல் கேட்டது. "இந்த மாசம் பிரீமியத்தக் கட்டிருங்கக்கா, தள்ளிப் போடாதீக. கட்டிட்டீகன்னா புதுக் கதை வந்ததும் மொத ஆளா உங்களுக்குத்தான்." அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே பையில் இருந்து காசை எடுத்தார்கள். என் பதினைந்து நாவல்களும் சாத்தூரில் எத்தனை பாலிசியை உயிரோடு வைத்திருக்கின்றனவோ தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "வாங்க மதினி. என்ன சொல்லாமக் கொள்ளாம? அண்ணன் நல்லாருக்காகள்ல?" அவர்களை அனுப்பிவிட்டுக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள்.

வழியெல்லாம் யோசித்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. "காளி, பதினைஞ்சு புத்தகத்தையும் வேற வேற கடைக்கு மாத்தப் போறேன். பிழை பாக்குறதுக்கு ஒரு ஆள் வேணும்" என்றேன்.

"நல்ல ஆளக் கேட்டீக. எனக்கு என்ன மதினி தெரியும்?"

"செத்த தாத்தாவ எந்திரிக்க விடாத ஆளு வேணும்."

தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். "ஸ்டெல்லாவா?"

"நாகர்கோவில்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. பெரிய கடையின் நிபந்தனையைச் சொன்னேன். மார்ச் 8 வரை எங்கேயும் இருக்கக் கூடாது, இருந்தால் என் கணக்குப் போய்விடும் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சத்தியமா அது தெரியாது மதினி. பாலிசி போட்ட அக்காமாருக்கு அனுப்ப ஆரம்பிச்சேன். போன் மாத்துனா கதை போயிருச்சுன்னு அழுவாக. அதான் ஒரே இடத்துல போட்டு வச்சேன். எங்க மதினி எழுதுனதுன்னு சொல்லணும்னு நாக்குத் துடிக்கும். நாத்தனார் நீதானான்னு கேப்பாகளேன்னு சொல்ல மாட்டேன்." போனைக் கையில் எடுத்து, "இன்னிக்கே எடுத்திர்றேன்" என்றாள்.

நான் போகலாம் என்றுதான் எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். "ஏன் தாழ் போட்ட?"

எதைக் கேட்கிறேன் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. "அம்மா வைஞ்சுச்சு. 'அவளே செத்துப் பொழச்சு வந்திருக்கா, அவ முன்னால நீ ஒப்பாரி வச்ச, தோல உரிச்சிருவேன்'னு. எனக்கு அடக்க முடியல. உங்க மூஞ்சியப் பாத்தா கத்திருவேன். பொம்பளப் புள்ளதான்னு நாந்தான அடம் புடிச்சுக்கிட்டு இருந்தேன். பேரெல்லாம் வச்சிருந்தேன்."

"என்ன பேரு?"

சொன்னாள். இருபத்து நாலு வருஷமாக அந்தப் பிள்ளையை நாங்கள் மூத்தது என்று மட்டும்தான் சொல்லிவந்திருக்கிறோம். அதற்கு ஒரு பெயர் இருந்தது எனக்குத் தெரியாது.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் ரேடியோ எதுவும் போடவில்லை. கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வந்தேன். பையில் அவள் கொடுத்த காராச்சேவு.

பிப்ரவரி 13, வெள்ளி

கதைக்கூடை காலி. வக்கீலுக்கு வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். இவர் ஏன் என்றார். ஆள் திருந்திவிட்டது என்றேன். அதுவும் பொய் இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

கூடையில் இருந்து எடுத்துத் தன் இணையதளத்தில் போட்டவன் தென்காசிக்காரன். நான் இரண்டு மெயில் போட்டும் அசையவில்லை. காளி அவன் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டாள். தினமும் கூப்பிட்டு, கதையை எடு என்று பாதி நேரமும், உங்க குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பு வேண்டாமா என்று பாதி நேரமும் பேசியிருக்கிறாள். ஐந்தாம் நாள் கதையை எடுத்துவிட்டான். பாலிசியும் எடுத்துவிட்டானாம்.

பெரிய கடைக்கு எழுதிவிட்டேன். பதில் இல்லை.

பிப்ரவரி 26, வியாழன்

பதில் வந்தது. சரிபார்த்துவிட்டார்களாம், கணக்குத் தொடருமாம். இரண்டே வரி, வணக்கம்கூட இல்லை. சேமியா பாயசம் வைத்தேன். எதற்கு என்று இவர் கேட்கவில்லை, இரண்டு கிண்ணம் குடித்தார்.

மார்ச் 1, ஞாயிறு

காளி காலையில் இருந்து இங்கேதான். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள், அது அவளுக்குப் பெரிய விஷயம். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு நாவலாக எது அசல், எது அவள் போட்டது என்று பார்த்தோம்.

"என் வரியெல்லாம் எடுத்திருங்க மதினி. கதை உங்களுது."

மை கொட்டிய புடவையை அப்படியே விட்டேன். நல்ல வில்லி, எனக்குப் பிடிக்கும். நகையையும் ஒளித்தே வைத்தேன். அதற்கு அவள், "அது மட்டும் எங்க இருந்து வந்துச்சாம்? நான் உங்க நகையத் தொட்டதே கெடையாது" என்று சண்டைக்கு வந்தாள். அது வேறு ஒருத்தியின் நாத்தனார் என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. பதினான்காம் அத்தியாயத்தில் என் வரியை எடுத்துவிட்டு அவளுடையதை வைத்தேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "முறுக்கு இருக்கா மதினி?" என்று கேட்டாள். அந்த முறுக்கு அவளுக்கு ரொம்பப் பிடிக்குமாம். இதைச் சொல்ல இத்தனை வருஷம்.

மார்ச் 8, ஞாயிறு

விடுதலை நாள். காலையில் பெரிய கடையில் பார்த்தேன். பதினைந்து புத்தகத்துக்கும் எதிரே இருந்த அந்த நிபந்தனைக் குறி போய்விட்டது, கருத்துகள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன. மற்ற நாலு கடைக்கும் கோப்புகளை அனுப்பினேன். மட்டக்களப்பு வாசகிக்கு எழுதிப் போட்டேன்.

பிறகு சொந்தக் கடையின் படிவத்தைத் திறந்தேன். ஜனவரியில் இருந்து காலியாகக் கிடந்த முதல் கட்டத்தில் பெயரை அடித்தேன். கடை திறந்துவிட்டது என்று திரை சொன்னது.

பத்து நிமிஷத்தில் முதல் விற்பனை. 'தாழிடாதே தென்றலே', வாங்கியவர் காளீஸ்வரி, சாத்தூர். கையோடு போனும் வந்தது. "காசு குடுத்து வாங்கியிருக்கேன் மதினி, இனிமே தப்பு இருந்தா சத்தமாவே சொல்லுவேன்."

இவர் குளித்துவிட்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். மேலே பெரிய எழுத்தில் இருந்ததைப் படித்தார்.

"இளவேனி புத்தகக் கடை. பேரு நல்லாருக்கே. யாரு இளவேனி?"

"நம்ம மூத்தவ" என்றேன். "அவ அத்தை வச்ச பேரு."

இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். துண்டால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தார்.